குதிரைக்குக் கொள்ளு வைக்கும் விதி

என் அண்ணன் கண்டுபிடித்த கோட்டை ஆட்டத்தைப் போல ஒன்றை நான் பிறகு ஆடியதே இல்லை. எழுபதுகளின் நடுவில், ஒரு கோடை விடுமுறை. எனக்குப் பதின்மூன்று வயது, அவனுக்குப் பதினேழு. திருவண்ணாமலையில் அந்த மாதங்களில் பகலெல்லாம் குடித்த சூட்டை மலை சாயங்காலம் ஊர்மேல் கொட்டும். வெளியே விடமாட்டார்கள். ஆகவே வீட்டுக்குள் யுத்தம் செய்தோம்.

பழைய காலண்டர் தாள்களைத் திருப்பிப் போட்டு, சோற்றுப் பசையால் ஒட்டி, அண்ணன் வரைபடம் போட்டிருந்தான். செஞ்சி, ஆரணி, படவேடு, வேலூர் என்று பன்னிரண்டு கோட்டைகள், இடையிடையே ஏரிகள். புளியங்கொட்டை காலாட்படை. உரிக்காத மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, குதிரைப்படை. தாயக்கட்டையில் விழுகிற எண்ணுக்குப் படை நகரும். தலைநகரை இழந்தவர் தோற்றார். அவனுக்கு வேலூர், எனக்குச் செஞ்சி. எந்தக் கோட்டையை விட்டுக்கொடுப்பது, எந்த வழியாக வளைத்துப் போவது என்று யோசிக்கிற யோசனையில் எனக்குச் சோறு இறங்காது. தாள் படபடக்கிறது என்று மின்விசிறியைக்கூட நிறுத்திவிட்டு வேர்க்க விறுவிறுக்க ஆடுவோம். அப்படி ஒரு ஆட்டம்!

ஒரு நாள் அண்ணன் ரயிலடியில் ஜட்கா வண்டி ஓட்டுகிறவரிடம் பேச்சுக் கொடுத்துவிட்டு வந்தான். வேளாவேளைக்குக் கொள்ளு வைக்காவிட்டால் குதிரை ஓடாது என்று அவர் சொன்னாராம். பிடித்தது சனி. அன்றைக்கே புது விதி வந்தது. மூன்று நகர்த்தலுக்கு ஒரு முறை அவரவர் குதிரைகளைப் பக்கத்து ஏரிக்குக் கொண்டுபோய், ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு கொள்ளு வைத்து, ஒவ்வொன்றுக்கும் தாயக்கட்டை உருட்ட வேண்டும். தாயம் விழுந்தால் அந்தக் குதிரை தின்னவில்லை என்று அர்த்தம், மறுபடி உருட்ட வேண்டும். கொள்ளு வைக்காமல் விட்ட குதிரை நின்ற இடத்திலேயே படுத்துவிடும். அப்புறம் மூன்று முறைக்கு எழுந்திருக்காது.

பத்துக் குதிரை இருந்தால் அரை மணி நேரம் போய்விடும். சண்டை உச்சத்தில் இருக்கும்போது உட்கார்ந்து கொள்ளு பொறுக்கிக்கொண்டிருப்பேன். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும்.

“அண்ணா, இந்த விதிய எடுத்துடு. குதிரைக்குச் சோறு போடறதுக்கா சண்ட போடறோம்?”

“ராஜான்னா எல்லாந்தான் பாக்கணும்” என்பான். ஒரு தடவை ஒரே ஒரு கொள்ளு குறைந்ததற்கு என் நல்ல குதிரையைப் படுக்க வைத்தான். அந்த ஆட்டத்தில் தோற்றேன். அந்த விடுமுறை முழுக்கவே தோற்றுக்கொண்டிருந்தேன்.

கடைசி நாள் வந்தது. மறுநாள் காலை பஸ்ஸில் அவன் வேலூருக்குக் கிளம்புகிறான், கல்லூரி ஹாஸ்டலுக்கு. இன்றைக்கு ஜெயிக்காவிட்டால் இனி எப்போது? ஒரே ஒரு தடவை ஜெயித்துவிட்டால் போதும் என்று இருந்தது எனக்கு.

ஆனால் அவன் வெறியோடு ஆடினான். வேலூரில் ஒரு ஆள் பாக்கியில்லாமல் எல்லாரையும் கிளப்பி, வழியில் காலாட்களையெல்லாம் பலிகொடுத்து, ஏழு குதிரைகளைச் செஞ்சி வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டான். என்னிடம் மிஞ்சியது சில புளியங்கொட்டைகளும், ஆரணிப் பக்கம் தனியாகத் திரிந்த இரண்டு குதிரைகளும்தான். அவற்றுக்கு முணுமுணுத்துக்கொண்டே அப்போதுதான் கொள்ளு வைத்திருந்தேன்.

அண்ணன் உருட்டினான். கேட்ட எண் விழுந்தது. “முடிஞ்சிது! செஞ்சி காலி!” என்று கத்திக்கொண்டு குதிரைகளைக் கோட்டைக்குள் தள்ளினான்.

எனக்கு அழுகை முட்டியது. தலையைக் குனிந்தபோது அவன் பக்கத்துக் கொள்ளு டப்பா கண்ணில் பட்டது. மூடி போட்டபடியே இருந்தது. விரல் விட்டு எண்ணினேன். இது நாலாவது நகர்த்தல்!

“உன் குதிரைங்க இன்னா துன்னுச்சு?” என்றேன்.

அவன் டப்பாவைப் பார்த்தான். முகம் செத்துவிட்டது. “ஏய், அந்த விதியே வேணாம்னு நீதான சொன்ன?”

“நான் சொன்னேன். நீ எடுத்தியா?”

அவன் ஏழு குதிரைகளையும் வாசலுக்கே திருப்பி, தன் கையாலேயே ஒவ்வொன்றாகப் படுக்க வைத்தான். ஏமாற்றத் தெரியாதவன் என் அண்ணன்.

அவை எழுந்திருப்பதற்குள் எனக்கு மூன்று உருட்டல் இருந்தது. முதலில் இரண்டு, அடுத்து மூன்று. கண்ணை மூடிக்கொண்டு மூன்றாவதை உருட்டினேன். பன்னிரண்டு! என் இரண்டு குதிரைகளும் காலியாகக் கிடந்த வேலூருக்குள் நுழைந்தன. நான் போட்ட கூச்சலில் அடுக்களையிலிருந்து அம்மா கரண்டியோடு ஓடிவந்தாள்.

அண்ணன் படுத்திருந்த குதிரைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினான்.

“நீ சொன்னதுதான் சரி. ரோதனை புடிச்ச விதி. நான் லீவுக்கு வரும்போது அத எடுத்துடலாம்.”

“அதெல்லாம் முடியாது” என்றேன். “குதிரைங்க பாவம்.”