ஸ்டெபிலைசர் இருக்குதுங்களே!

போன ஞாயிறு காலை, பக்கத்து வீட்டில் ‘டப்’ என்று ஒரு சத்தம். கொஞ்ச நேரத்தில் காம்பவுண்ட் சுவருக்கு மேலே ஆரோக்கியசாமி அண்ணனின் முகம்.

“ஏனுங்க சார், ஒரு எட்டு வந்துட்டுப் போறீங்களா?”

குரலே சரியில்லை. ஓடினேன்.

ஹால் முழுக்கக் கருகல் வாசனை. டிவி ஸ்டாண்டில் புத்தம்புது ஆம்ப்ளிஃபையர். அமெரிக்காவில் வேலைக்குச் சேர்ந்த மகன் ஆன்டனி, முதல் சம்பளத்தில் வாங்கி, ஊருக்கு வந்த நண்பனிடம் கொடுத்தனுப்பியது. அப்பாவுக்குப் பாட்டு என்றால் உயிர்.

பின்பக்கம் பார்த்தேன். 120 வோல்ட் என்று போட்டிருந்தது. நம் வீடுகளில் வருவதோ 230!

“ஸ்டெபிலைசர்ல மாட்டித்தானுங்க போட்டேன். ஃப்ரிட்ஜையே காப்பாத்துது... இதைக் காப்பாத்தாதுங்களா?”

நியாயமான கேள்விதானே? கோயமுத்தூரில் ஸ்டெபிலைசரை நம்பாதவர் யார்? ஆனால் அது, ஏறி இறங்கும் வோல்டேஜை 230க்குப் பக்கத்தில் பிடித்து வைக்கும் — அவ்வளவுதான். பாதியாகக் குறைத்துத் தர ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் என்று தனிப் பெட்டி வேண்டும். இவர் ஃப்ரிட்ஜைக் கழற்றிவிட்டு, அமெரிக்க பிளக்குக்கு ஏற்ற அடாப்டரும் வாங்கி மாட்டியிருக்கிறார். எவ்வளவு அக்கறையாகச் செய்த தப்பு, பாருங்கள்!

“ரிப்பேர் பண்ணிரலாமுங்ணா” என்றேன்.

“அது கெடக்கட்டுங்க. பையன் இப்பக் கூப்புடுவான். மொத சம்பளமுங்க... என்னன்னு சொல்றது?” கண் கலங்கிவிட்டது. எனக்கும் சங்கடமாகிவிட்டது.

“நல்லாப் பாடுதுன்னு சொல்லிப்போடுங்க” என்றார் அவர் மனைவி மேரி அக்கா. “பாவம், மனசு ஒடைஞ்சு போவான்.”

சொல்லி வாய் மூடவில்லை... வீடியோ கால்.

அண்ணன் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். “காலையில இருந்து அதுதான் கண்ணு பாடுது. சத்தம் அருமை!”

ஆன்டனி திரைக்கு நெருங்கி வந்தான்.

“அப்பா... அதை அங்க நேரா மாட்டுனா வெடிச்சிரும்னு இப்பத்தான் ஃப்ரெண்டு சொன்னான். பயந்து போய்க் கூப்புடறேன். உங்களுக்கு ஒண்ணும் ஆகலீங்களே? கையைக் காட்டுங்கப்பா!”

அண்ணன் இரண்டு கைகளையும் கேமரா முன்னால் விரித்தார். புரட்டியும் காட்டினார்.

அதைப் பார்த்த பிறகுதான் அந்தப் பையன் அழுதான்.