கொலுவில் வைத்த சீமைப் பூ

கல்யாணமாகி மைசூருக்கு வந்த முதல் வருஷம் எனக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. "கால்ல சக்கரமா கட்டியிருக்கு?" என்று மாமியார் ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது கேட்பார். கொள்ளேகாலில் பட்டுத் தறிச் சத்தத்தில் வளர்ந்தவளை, ரயில்வே உத்தியோகத்து மாப்பிள்ளை என்று சொல்லி, கடிகாரச் சத்தம் மட்டுமே கேட்கிற வீட்டில் கொண்டுவந்து விட்டால் வேறு என்ன செய்வாள்? மாநிலத்துக்குக் கர்நாடகம் என்று பெயர் மாறிய புதிது. எனக்கோ ஊர், வீடு, சமையல் எல்லாமே மாறியிருந்தது.

நாங்கள் குடியிருந்தது ஒரு பழைய பங்களாவின் பின்கட்டு. முன்கட்டில் வீட்டுக்கார அம்மாள், எழுபதைத் தொட்ட ஆங்கிலோ இந்தியர், தனியாக இருந்தார். தெருவே அவரைத் துரைசாணி என்றுதான் சொல்லும். மத்தியானம் மாமியார் கண்ணசந்தால் நான் அங்கே ஓடிவிடுவேன். விக்டோரியா ராணி காலத்துச் சாமான்கள் அப்படியே இருந்தன. கண்ணாடிக் கூண்டுக்குள் பஞ்சடைத்த குருவி ஒன்று முறைத்துக்கொண்டிருக்கும். ஒரே காட்சியின் இரண்டு படங்கள் ஒட்டிய அட்டையை ஒரு மரக் கருவியில் செருகிக் கண்ணில் வைத்தால், லண்டன் பாலம் எழுந்து எதிரே நிற்கும். சோழி ஒட்டிய பெட்டி, காய்ந்த இலைகள் ஒட்டிய நோட்டு என்று வீட்டுப் பெண்கள் கையால் செய்தது இன்னும் எத்தனையோ. ரேடியோகூட இல்லாத நாளில் பெண்களுக்குச் சாயங்காலம் கழிய வேண்டாமா என்பார். அந்தச் சீமைப் பெண்களின் அவஸ்தை எனக்கு நன்றாகவே புரிந்தது.

நவராத்திரிக்கு நாங்கள் பரணிலிருந்து பொம்மைகளை இறக்குவதைப் பார்த்த துரைசாணி, தன் சுவரிலிருந்து ஒரு கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றிக் கொண்டுவந்தார். "என் வீட்டில் இதைப் பார்க்க யாருமில்லை, உங்கள் கொலுவில் இருக்கட்டும்" என்று கன்னடத்தில் சொல்லிக் கொடுத்தார். உள்ளே பழுப்பு நிறத்தில் ரோஜாக்களும் இலைகளுமாக ஒரு வளையம். இழை அவ்வளவு சன்னம், அவ்வளவு பளபளப்பு.

"இது என்ன நூலும்மா?" என்று மாமியார் என்னைக் கேட்டார்.

"பட்டுத்தானுங்க அத்தே. சாயம் போடாத சீமைப் பட்டு."

கொள்ளேகால்காரியிடம் பட்டைப் பற்றிக் கேட்டால் தெரியாது என்று சொல்ல வாய் வருமா? அந்த வீட்டில் என்னிடம் ஒரு அபிப்பிராயம் கேட்டதே அதுதான் முதல் தடவை.

மாமியார் அதை மேல்படியில் கலசத்தை ஒட்டி வைத்தார். "பொம்பெ கூர்சித்தீரா?", அதாவது பொம்மை வைத்திருக்கிறீர்களா, என்று கேட்டு வீடு வீடாக வரும் பொடிசுகளைக்கூட அவர் விடவில்லை. "பாத்த ஒடனே பட்டுன்னு சொல்லிட்டா எங்க மருமக." நான் தலைகால் புரியாமல் சுண்டல் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

நாலாம் நாள் துரைசாணி கொலு பார்க்க வந்தார். படத்தின் முன் கொஞ்ச நேரம் நின்றார். போகும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே என்னிடம் சொன்னார். அது அவருடைய அம்மாவுக்கு அக்காவாகப் பிறந்தவளின் தலைமுடியாம். ஏழு வயதிலேயே காய்ச்சலில் போன குழந்தை. பெற்றவளே அந்த முடியைக் கம்பியில் சுற்றிச் சுற்றிப் பூவாக்கினாளாம். அந்தக் காலத்தில் பல வீடுகளில் இது உண்டு என்று, ஸ்வெட்டர் பின்னுவதைப் பற்றிச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டுப் போனார்.

சோற்றில் ஒரு முடி கிடந்தால் பானையோடு மாட்டுக்குக் கொட்டுகிறவர் என் மாமியார். கூடத்தில் என் தலைமுடி ஒன்று உதிர்ந்து கிடந்தால் அன்று முழுக்க எனக்கு அர்ச்சனைதான். அவருடைய கலசத்துக்குப் பக்கத்தில் செத்த குழந்தையின் முடி! சொன்னால் படம் குப்பைக்குப் போகும், அப்புறம் துரைசாணி முகத்தில் எப்படி விழிப்பது? சொல்லாவிட்டால் தினமும் அதன் முன்னால் நைவேத்தியம். வைத்த கொலுவை விஜயதசமிவரை கலைக்கவும் கூடாது. எல்லாவற்றுக்கும் மேல், பட்டு என்று சொன்னவள் நான்.

அடுத்து வந்த நாட்களில் பெருக்கிய இடத்தையே பெருக்கினேன். சுண்டலுக்கு இரண்டு தரம் உப்புப் போட்டேன். யாராவது படத்தின் பக்கம் கையை நீட்டினால் அந்தக் கையில் சுண்டலைத் திணித்தேன். "பேய் புடிச்சவ மாதிரி ஏன் சுத்தற?" என்றார் மாமியார்.

விஜயதசமியன்று வீட்டு ஆண்கள் தசரா யானை ஊர்வலம் பார்க்கப் போய்விட்டார்கள். ஊர்வலம் புறப்படும் பீரங்கிச் சத்தம் கேட்டு ஓய்ந்தது. சாயங்காலம் மாமியார் ஆரத்தி எடுத்தார். கொலு முடிந்ததற்கு அடையாளமாக ஒரு பொம்மையைப் படுக்க வைத்துத் தூங்கப் பண்ணுவது வழக்கம். அதற்காக மேல்படியில் அந்தப் படத்தை ஒட்டிக் கையை நீட்டினார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"அத்தே, அந்தப் படத்துல இருக்கறது பட்டில்லீங்க. முடிங்க. செத்துப்போன கொழந்தையோட முடி. எனக்கு நாலாம் நாளே தெரியுமுங்க."

நீட்டிய கை அப்படியே நின்றது. நான் திட்டுக்குக் காத்திருந்தேன்.

"எத்தன வயசு?"

"ஏழுங்க. பெத்தவளே உக்காந்து பண்ணுனாளாமுங்க."

என் கணவருக்கு முன்னால் மாமியாருக்கு ஒரு பெண் பிறந்து, நாலு வயதில் வைசூரியில் போய்விட்டாள் என்று கல்யாணத்தின்போதே கேள்விப்பட்டிருந்தேன். அந்த வீட்டில் ஒரு நாளும் அந்தப் பேச்சு எழுந்ததில்லை.

மாமியார் சட்டத்தை எடுத்தார். வெளியே வீசப் போகிறார் என்றுதான் நினைத்தேன். முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தார். பெட்டியிலிருந்து தன் கல்யாணப் பட்டுப் புடவையை எடுத்துவந்து கீழ்ப்படியில் மடித்துப் போட்டு, அதன்மேல் மெல்லப் படுக்க வைத்தார். அப்படியே பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். நானும் உட்கார்ந்தேன். எனக்கு எழுந்திருக்கத் தோன்றவில்லை.

"எம்பொண்ணுக்கு முதுகு வரைக்கும் முடி" என்றார் மாமியார். "அவள எடுத்துட்டுப் போறப்ப ஒரே ஒரு இழை எடுத்து வெச்சுக்கணும்னு எனக்குத் தோணலையே."