முதலாளி நாடகம் ஓடிய வருடம்

செவ்வாய்க்கிழமை மாலைகளில் எங்கள் வீட்டுக் கூடம் முழுக்க விளக்கெண்ணெய் வாடை அடிக்கும். ஏழுமலை மாமா வலது முட்டியில் சூடாகத் தடவிக்கொண்டு வரும் எண்ணெயின் வாடை அது. டிவிக்கு நேரெதிரே சுவரில் முதுகைச் சாய்த்து, அந்தக் காலை மட்டும் நீட்டி அவர் உட்கார்ந்த பிறகுதான் தெருக்காரர்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்து இடம் பிடிப்பார்கள். எங்கள் தெருவில் அப்போது கலர் டிவி இருந்த வீடுகள் மிகக் குறைவு என்பதால், நாடகம் தொடங்கும் நேரத்தில் கூடத்தில் கால் வைக்க இடமிருக்காது. நான் பாவாடையைச் சுருட்டிக்கொண்டு அம்மாவோடு சமையலறை வாசற்படியில் ஒண்டியபடி பார்ப்பேன்.

நாடகத்தின் உண்மையான பெயர் எனக்கு மறந்துவிட்டது. தெருவில் எல்லோரும் அதை "முதலாளி நாடகம்" என்றே சொன்னார்கள். ஒரு மில் முதலாளி, தன் ஊர்ச் சங்கம் நடத்திவரும் சடுகுடு போட்டியைத் தானே ஏற்று நடத்துவதாகக் கேட்கிறார். விளையாட்டை வியாபாரமாக்க விடமாட்டோம் என்று சங்கத்துப் பெரியவர்கள் அவரைத் திருப்பி அனுப்புகிறார்கள். அவமானப்பட்ட முதலாளி நல்ல ஆட்டக்காரர்களையெல்லாம் மாதச் சம்பளத்துக்குத் தன் பக்கம் இழுத்து, நம்பர் போட்ட கலர் பனியன் மாட்டி, விளக்கு வெளிச்சத்தில் டிக்கெட் வைத்து ஆட்டம் நடத்துகிறார். சங்கம் அவர்களை விலக்கிவைக்கிறது. வாராவாரம் இந்தச் சண்டைதான்.

எங்கள் வீட்டில் அதை வெறும் கதையாகப் பார்க்க முடியாமல் போனதற்குக் காரணம் இருந்தது. தாலுகா ஆபீஸில் வேலை பார்த்த அப்பா, பொங்கலுக்கு ஊரில் சடுகுடு நடத்தும் கமிட்டியின் செயலாளராகவும் இருந்தார். அம்மாவின் தம்பியான ஏழுமலை மாமா அந்த மைதானத்தில் பேர் வாங்கிய ஆட்டக்காரர். முந்தின பொங்கலில் அவர் முட்டி பிசகி விழுந்தபோது, கமிட்டி அவருக்கு ஒரு துண்டைப் போர்த்திக் கைதட்டியது. அதற்குப் பிறகு அவரால் குத்துக்காலிட்டு உட்கார முடியவில்லை. பக்கத்துக் கிராமமான அடி அண்ணாமலையில் தன் சொந்தக் கொல்லை நிலத்தில் "மல்லாட்டை" என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலையைப் பிடுங்குவதற்கும் ஆள் வைக்க வேண்டியதாயிற்று.

ஒரு வாரம் நாடகத்தில் ஒருவனுக்குக் கால் உடைகிறது. கட்டிலில் கிடக்கும் அவனைப் பார்க்க வந்த சங்கத் தலைவர், விளையாட்டு என்பது ஒரு தொண்டு என்று அவனுக்கு எடுத்துச் சொல்கிறார். சுவரோரத்திலிருந்து மாமாவின் குரல் வந்தது.

"அவன் காலு நொண்டியாயிடுச்சு. இவரு தொண்டுன்றாரு."

கூடமே சிரித்தது. அப்பா எழுந்துபோய் டிவியை அணைத்தார்.

"இன்னா சொல்ல வர்ற, ஏழுமலை? நேரா சொல்லு."

"உங்கள சொல்லல மாமா. டிவில வர்றவர சொன்னேன்."

"என் வூட்ல உக்காந்துகினு என்னத்தான் சொல்ற."

மாமா சுவரைப் பிடித்து மெதுவாக எழுந்து, எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க நொண்டி நொண்டி வெளியே போனார். அடுத்த வாரத்திலிருந்து செவ்வாய்க்கிழமைகளில் நாங்கள் மூன்று பேர் மட்டுமே டிவி பார்த்தோம். கடைசி வாரம் நாடகத்தில் முதலாளியும் சங்கத்தாரும் கைகுலுக்கிக்கொண்டபோது அப்பா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

செங்கம் சாலையில் ரைஸ்மில் வைத்திருந்த ஒருவரும் அந்த நாடகத்தை ஒரு வாரம்கூட விடாமல் பார்த்துவந்தார் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. அவர் மாமாவைத் தன் காரில் வேலூருக்கு அழைத்துப்போய் முட்டிக்கு ஆபரேஷன் செய்துவைத்தார். வருகிற பொங்கலுக்குத் தன் மில்லின் நெல் காயவைக்கும் களத்தில் லைட் போட்டுப் போட்டி நடத்தப்போவதாகவும், மாமாதான் கேப்டன் என்றும் சொன்னார். மாமாவும் இன்னும் சில நல்ல ஆட்டக்காரர்களும் அவரிடம் சேர்ந்துவிட்டார்கள்.

கமிட்டி எங்கள் வீட்டில் கூடிப் பேசியது. சம்பளத்துக்கு ஆடுகிறவர்கள் இனிமேல் கமிட்டி மைதானத்தில் கால் வைக்கக் கூடாது, அவர்கள் பெயர்களைப் பொங்கலன்று மைக்கில் சொல்லிவிட வேண்டும் என்று முடிவாயிற்று. எல்லோரும் போன பிறகு, காப்பி டம்ளர்களைப் பொறுக்க வந்த அம்மா அப்படியே நின்றாள்.

"அவன் பேர நீங்க சொல்லாதீங்க. வேற யாரையாவது சொல்லச் சொல்லுங்க."

"வேற ஆளு சொன்னா, மச்சான்னதும் பின்வாங்கிட்டான்னு பேசுவாங்க."

"பேசிட்டுப் போறாங்க. எனக்குக் கூடப்பொறந்தவன் அவன் ஒருத்தன்தாங்க."

அப்பாதான் சொன்னார். முதல் பெயரே மாமாவுடையது. குரல் நடுங்கவில்லை, ஆனால் அடுத்து ஆடவேண்டிய ஊரின் பெயரைத் தப்பாகச் சொல்ல, ஜனங்கள் கத்தித் திருத்த வேண்டியிருந்தது.

அன்று பொழுது சாய்ந்ததும் அம்மா பொங்கல் புடவையிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டு வாசலில் இறங்கினாள். எங்கே என்று அப்பா கேட்கவில்லை.

"டார்ச் எடுத்துகினு போ. மில்லு பக்கம் ரோட்டுல லைட் இல்ல" என்று மட்டும் சொன்னார்.

கமிட்டி மைதானத்துக்குப் பெண்கள் போகிற வழக்கமில்லை. யாரும் தடுத்ததில்லை, ஆனால் நிற்க இடமும் ஒதுக்கியதில்லை. தம்பியின் மண் படிந்த, ரத்தம் ஒட்டிய பனியன்களைச் சின்ன வயதிலிருந்தே துவைத்துப்போட்ட அம்மா, அவர் ஆடி ஒருமுறைகூடப் பார்த்தவளில்லை. ரைஸ்மில்காரரோ பெண்களுக்கென்று ஒரு பக்கம் முழுக்க நாற்காலி போட்டிருந்தார். பச்சைப் பனியனில் மாமா பாட்டுப் பிடித்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போனார். மூச்சு விடாமல் அவர் "சடுகுடு" சொல்வது எங்களுக்குக் கேட்டது. நாலு பேர் அவர் இடுப்பிலும் காலிலும் விழுந்து அமுக்கினார்கள். அந்த நாலு பேரையும் இழுத்துக்கொண்டே தவழ்ந்து அவர் கோட்டுக்குக் கையை நீட்டியபோது, "ஏழுமலே!" என்று ஒரு அலறல் கேட்டது. அப்படி ஒரு குரல் அம்மாவுக்கு இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. அவள் நாற்காலிமேல் ஏறி நின்றிருந்தாள். மாமாவின் கை கோட்டைத் தொட்டுவிட்டது.

இரண்டு பொங்கல்தான் அது நடந்தது. பௌர்ணமிக்குக் கிரிவலம் வரும் கூட்டம் ஜாஸ்தியாக ஆக, ரைஸ்மில்காரர் களத்தை இடித்து லாட்ஜ் கட்டத் தொடங்கினார். ஆட்டக்காரர்களைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லக்கூட அவருக்குத் தோன்றவில்லை. மாமாவுக்கு இரண்டு பக்கமும் இடமில்லாமல் போயிற்று.

அப்பா என்னைச் சைக்கிள் கேரியரில் உட்காரவைத்துக்கொண்டு அடி அண்ணாமலைக்குப் போனார். மாமா கொல்லையில் மடை திருப்பிக்கொண்டிருந்தார்.

"இந்தப் பொங்கலுக்கு ஆட வந்துடு, ஏழுமலை."

"போன்னு மைக்குல சொன்னீங்க மாமா. வான்னு காதுல வந்து சொல்றீங்களே."

அப்பா சைக்கிளைத் திருப்பினார். அந்தப் பொங்கலன்று கமிட்டியில் யாரையும் கேட்காமல் மைக்கைக் கையில் எடுத்தார். "ஏழுமலை வரணும். அவரோட போன எல்லாரும் வரணும். நாங்க பண்ணது தப்பு" என்றார். பெரியவர்கள் கோபமாக எழுந்துபோனார்கள். அன்றைக்கே அப்பா செயலாளர் பதவியை விட்டுவிட்டார். மாமா மைதானத்துக்கு வரவில்லை. சாயங்காலம் ஒரு கட்டுக் கரும்போடு வீட்டுக்கு வந்தார். இருவரும் அந்த வருஷத்து மழையைப் பற்றி வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். மாமா அதற்குப் பிறகு எங்கேயும் ஆடவில்லை.

இப்போது பௌர்ணமிதோறும் கமிட்டி மைதானத்தில் வெளியூர் பஸ்கள் நிற்கின்றன. கமிட்டியும் இல்லை, அப்பாவும் இல்லை. எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு டிவி வந்துவிட்டதால் யாரும் யார் வீட்டுக் கூடத்திலும் போய் உட்காருவதில்லை. போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது அந்த லாட்ஜைத் தாண்டி நடந்தோம். அம்மா ஒரு நிமிடம் நின்று அதன் வாசலைப் பார்த்தாள்.

"அந்த மில்லுக்காரரு நல்லவரா கெட்டவரான்னு எனக்கு இன்னும் புரியல. ஆனா எங்க ஏழுமலை ஆடி நான் கண்ணால பாத்தேன்" என்றாள்.

அப்பா உயிரோடு இருந்தவரை அவர் காதுபட அம்மா இதைச் சொன்னதில்லை.