தள்ளத் தேவையில்லாத கார்

கிளிநொச்சியில் ரயில் கடவை மூடியிருக்கிறது. எங்கள் வாடகைக் கார் புதுசு. பிரேக்கை மிதித்து நின்றதும் என்ஜின் தானாகவே அணைந்துவிடுகிறது. ஏசியும் குளிரை மறந்து வெறும் காற்றை ஊதுகிறது.

சாரதி சிவம் அண்ணை ஸ்டியரிங்கை முறைக்கிறார்.

"பெற்றோல் மிச்சம்தான், இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா இப்பிடிச் சொல்லாமல் கொள்ளாமல் நிண்டால் எனக்கு நெஞ்சு பக்கெண்டுது."

"கார் நிண்டதுக்கோ பயம், அண்ணை?"

"தம்பி, நான் வாகனம் ஓடப் பழகினது சண்டைக்காலத்திலை. பெற்றோல் இல்லை, மண்ணெண்ணெயிலைதான் ஓட்டம். ஒருக்கா என்ஜின் நிண்டால் உள்ளுக்கை இருக்கிற சனம் முழுக்க இறங்கித் தள்ளவேணும். நிப்பாட்டின டிரைவருக்கு நல்ல ஏச்சு விழும்."

எனக்குச் சிரிப்பு வருகிறது. "இது தள்ளாமலே ஸ்டார்ட் ஆகும். பயப்பிடாதேங்கோ."

"ஓம், ஓம்." அவர் என் பக்கம் எட்டிப் பார்க்கிறார். "அப்ப நீங்கள் ஏன் கதவைப் பிடிச்சுக்கொண்டு இருக்கிறியள்?"

குனிந்து பார்க்கிறேன். அந்தக் காலத்தில் இதே றோட்டில் எத்தனையோ வானைத் தள்ளிய என் கை, கார் நின்றதும் என்னைக் கேளாமலே கதவுப் பிடிக்குப் போயிருக்கிறது.

ரயில் போய், கடவை திறக்கிறது. அண்ணை பிரேக்கிலிருந்து காலை எடுக்க, என்ஜின் தானாகவே உறுமுகிறது.

"பாத்தியளே," என்கிறார், "நல்லாத் தள்ளுறியள்."