கனகாம்பாள் வீட்டுத் தேக்குப் பலகைகள்

லான்மடாவ் சந்தையில் மசாலாத்தூள் விற்கும் கனகாம்பாள் தன் நிழலையே நம்பாதவள். பால்காரர் ஊற்றிய பாலை நகத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பாள். கோயிலில் கொடுக்கும் சுண்டலைக்கூட நேற்றையதா என்று மோந்து பார்த்துவிட்டுத்தான் வாயில் போடுவாள்.

அப்படிப்பட்டவளுடைய மாடி வீட்டுத் தரைக்குக் கேடு வந்தது. மழை ஒழுகிப் பாதிப் பலகைகள் மக்கிவிட்டன. மீதிப் பாதி பழைய தேக்கு, இரும்பு மாதிரி இருந்தது. வேலைக்கு வரும் தச்சர்கள் அந்தத் தேக்கை உருவிக்கொண்டு மட்ட மரத்தை வைத்துவிடுவார்களோ என்பதுதான் அவள் பயம். இன்சீனிலிருந்து ஓர் ஆள் வந்தார். தேக்கை ரொம்ப ஆசையாகத் தடவுகிறார் என்று அனுப்பிவிட்டாள். இன்னொருவர் எதையும் தொடவே இல்லை. ஏதோ திட்டத்தோடு வந்திருக்கிறார் என்று அவரையும் அனுப்பினாள்!

கடைசியில் கீழ்வீட்டு சாயிமா, தாகேதாவில் இருக்கும் தச்சர் அய்யூப்பைச் சொன்னாள்.

"உங்க வீட்டு வேல நல்லா இருந்தா, எங்க வீடு பூராவும் அவருக்கே குடுத்துர்றேன்க்கா."

அய்யூப்புக்குக் கடையும் இல்லை, பலகையில் எழுதிய பெயரும் இல்லை. ஒரு வீட்டுத் தரையைப் பார்த்து அடுத்த வீட்டார் கூப்பிட்டால்தான் அவருக்கு அடுப்பெரியும். அதனால் பார்த்துப் பார்த்துச் செய்தார். கனகாம்பாளும் முக்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

இதற்கிடையில் இன்சீனில் மகள் பூர்ணாவுக்குக் காய்ச்சல் என்று செய்தி வந்தது. போகாமல் இருக்க முடியாது. அய்யூப் தொழுகைக்குப் போன நேரத்தில் நல்ல தேக்குப் பலகை ஒவ்வொன்றிலும் மஞ்சள் தடவிக் குங்குமப் பொட்டு வைத்தாள். மாற்றினால் பொட்டு காட்டிக்கொடுத்துவிடுமே!

மறுநாள் சாயங்காலம் திரும்பி வந்தபோது தரை முடிந்திருந்தது. மிதித்தால் சத்தமே இல்லை. ஆனால் எல்லாம் புது மரம். பொட்டு வைத்த பலகை ஒன்றுகூட இல்லை. கட்டிலுக்கு அடியில், அடுப்படியில், மாடிப்படிக்குக் கீழே என்று குனிந்து குனிந்து தேடினாள். பிறகு வாய் புளித்ததோ மாங்காய் புளித்ததோ என்று தெரு முனை டீக்கடையில் போய்க் கத்தினாள்.

"அய்யூப் என் தேக்கத் தூக்கிட்டுப் போயிட்டான்!"

தெரு நம்பியது. நம்பாமல் என்ன செய்யும்? சாயிமா உடனே அய்யூப்பை போனில் கூப்பிட்டு, வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

காலையில் தரைக்கு மெருகு போட அய்யூப் வந்தார். கனகாம்பாள் வாசலை மறித்தாள்.

"என் பலக எங்க பாய்?"

அவர் பரணைக் காட்டினார். அங்கே வெள்ளைத் துணியில் சுற்றி, பொட்டு கலையாமல், அத்தனை பலகையும் அடுக்கியிருந்தது.

"பூச போட்ட பலகைன்னு நெனச்சேம்மா. அதுல காலு படலாமா? நீங்களும் ஊர்ல இல்ல. எங்கிட்ட இருந்த மரத்தப் போட்டேன். தப்புன்னா இப்பவே மாத்திர்றேன்." மெருகு டப்பாவைக் கீழே வைத்தார். "சாயிமாக்கா வேல வேணாம்னுட்டாங்க. ஏன்னே தெரியல."

கனகாம்பாளுக்குப் பரணைப் பார்க்காத தன் கண்ணை நினைத்து அழுகை வந்தது. செருப்புக்கூடப் போடாமல் டீக்கடைக்கு ஓடினாள். சாயிமாவும் அங்கேதான் இருந்தாள்.

"பலக என் வீட்லதான் இருக்கு! நாந்தான் தப்பாச் சொல்லிட்டேன். அய்யூப் பாய் தங்கமான மனுஷன்!"

கடைக்காரர், பெண்களை மரியாதையாக அழைக்கும் அந்த ஊர் வழக்கப்படி 'டோ' போட்டுச் சிரித்தார்.

"டோ கனகாவா ஒருத்தர நல்லவர்னு சொல்றது?"

"சாமி சத்தியமா!" என்றாள். சத்தியம் செய்யச் செய்ய அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

சாயிமா அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உண்மையச் சொல்லுங்கக்கா. அவரு உங்களுக்கு என்ன குடுத்தாரு?"

அவள் பின்னாலேயே வந்திருந்த அய்யூப்புக்கும் அது கேட்டது.