அறுநூற்றுப் பதின்மூன்றாம் குழி

நம்பாதவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிவிடலாம். இது எனக்கு நடந்தது. 2006 மே மாதம், ஒரு வெள்ளிக்கிழமை, பட்டப்பகலில். பேய் ராத்திரியில்தான் வரும் என்று நானும் நினைத்திருந்தேன். அரசாங்க இடத்துப் பேய்க்கு ஆபீஸ் நேரம்தான் போலிருக்கிறது.

அப்போது நான் பி.எஸ்ஸி. தாவரவியல் இரண்டாம் ஆண்டு முடித்திருந்தேன். ஒரு மாதம் எங்காவது பயிற்சி எடுத்து சர்டிஃபிகேட் காட்டாவிட்டால் மூன்றாம் ஆண்டு பரீட்சை எழுத முடியாது. எனக்குக் கிடைத்தது வனத்துறையின் பருவநிலை மாற்றத் திட்டம். ஒரகடம் தாண்டி, வல்லம் வடகால் போகும் மண் ரோட்டோரம் ஆயிரத்து இருநூறு செடி நட்டிருந்தார்கள். ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகள் விடும் புகையை அந்தச் செடிகள் குடித்துவிடும் என்பது திட்டம். செடிகள் குடிக்கத் தண்ணீர் மட்டும் திட்டத்தில் இல்லை.

உயிரோடிருக்கும் செடிகளை எண்ணுவது என் வேலை. குழிக்கு ஒரு குச்சி, குச்சியில் தகர நம்பர். ஒருவர் வரிசையாக நடந்து நம்பரைக் கூவ வேண்டும். இன்னொருவர் எழுதிவிட்டு, எழுதியதை உரக்கத் திருப்பிச் சொல்ல வேண்டும். தப்பு நடக்கக் கூடாதாம். கூவியவர் எல்லப்பன், அந்தத் தோட்டத்தின் காவலர். அவர் 'கீது' என்றால் செடி உயிரோடிருக்கிறது. 'பூட்ச்சி' என்றால் செத்துவிட்டது.

ரேஞ்சர் சண்முகசுந்தரம் முந்தின நாளே சொல்லிவிட்டார்.

"திங்கக்கிழமை டெல்லியிலேர்ந்து ஆளுங்க வர்றாங்க. தொண்ணூறு பர்சென்ட் உயிரோட இருக்கணும், புரியுதா? உன் சர்டிஃபிகேட்டும் அன்னிக்குத்தான்."

புரிந்தது.

முதல் நானூறு முந்தின நாளே முடிந்திருந்தது. காலை 10.15க்கு ஆரம்பித்தோம்.

"நானூத்தி ஒண்ணு. பூட்ச்சி."

"நானூற்று ஒன்று. உயிர்."

"இன்னா காலேஜு, பூட்ச்சின்றேன்!"

"நீங்க பாத்ததைச் சொல்லுங்கண்ணே. நான் எழுதுறதை எழுதுறேன்."

"எய்து, எய்து. எமனுக்கே வேலை இல்லாம பண்ணிடுவ நீ."

11.45க்குள் நூற்று முப்பது செடிகளுக்கு உயிர் கொடுத்திருந்தேன். எந்தச் சாமியும் ஒரே காலையில் இத்தனை பேரை எழுப்பியதாகக் கேள்விப்பட்டதில்லை.

11.50. கூவல் நின்றது. நடுவில் சீமைக்கருவேலம் ஆளுயரம் வளர்ந்திருந்ததால் எல்லப்பன் என் கண்ணில் படவில்லை. பீடி பற்றவைக்கிறார் என்று நினைத்து, கிடைத்த நிழலில் உட்கார்ந்தேன்.

12.05. மறுபடி குரல்.

"அறுநூத்தி ஏழு. பூட்ச்சி."

"அறுநூற்று ஏழு. உயிர்."

இந்த முறை கிண்டல் இல்லை. 'காலேஜு' இல்லை. சருகு மிதிபடும் சத்தமும் இல்லை. நம்பருக்கு நம்பர் வேறொரு சத்தம்தான் கேட்டது.

களக்... களக்...

குடத்திலிருந்து தண்ணீர் ஊற்றும் சத்தம். பக்கத்துக் குழாயே இரண்டு கிலோமீட்டர்.

நம்பர் ஏற ஏறக் குரல் கிட்டே வந்தது...

12.20.

"அறுநூத்திப் பதிமூணு. பூட்ச்சி."

"அறுநூற்றுப் பதின்மூன்று. உயிர்."

களக்...

"அறுநூத்திப் பதிமூணு. பூட்ச்சி."

"சொன்னேனேண்ணே. உயிர்." மறுபடி எழுதினேன்.

வெயில் மண்டையைப் பிளந்தது. பிடரி மட்டும் சில்லிட்டது.

"பூட்ச்சி."

காதருகில்.

"எய்து."

"உ... உயிர்."

மூன்றாவது தடவையும் அதையே எழுதினேன். கை பழகிவிட்டது.

திரும்பினேன்.

யாரும் இல்லை.

பத்தடியில் குச்சி. 613. செடி இல்லை. குழி நிறையத் தண்ணீர்... அது இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. சுற்றிலும் புழுதி. அதில் ஒரு காலடித் தடம்கூட இல்லை.

1.10க்கு எல்லப்பனின் மொபெட் வந்தது. கையில் பொட்டலம்.

"காலேஜு, சாம்பார் சோறு! வல்லக்கோட்ட கோயில்ல அன்னதானம். பதினொன்னு அம்பதுக்கே வண்டிய சத்தமில்லாம தள்ளிக்கினு பூட்டேன். சொன்னா நீ ரேஞ்சர்கிட்ட போட்டுக் குடுப்ப."

"அப்ப அறுநூத்திப் பதிமூணு வரைக்கும் கூவினது யாருண்ணே?"

நீட்டிய கை அப்படியே நின்றது.

"வண்டியில ஏறு" என்றார்.

திங்கட்கிழமை. ஆபீஸ் படிக்கட்டில் ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். பெயர் சந்திரம்மாள். எல்லப்பனுக்கு முன்பு அங்கே காவலுக்கு இருந்த நடேசனின் மனைவி. என் கையில் நோட்டைப் பார்த்ததும் எழுந்தார்.

"நீதான் எண்ணுனியா தம்பி? போன ஆவணில, உச்சி வெயில்ல, குழிக்குத் தண்ணி ஊத்தக் கொடத்தைத் தூக்கினு போனாரு. அங்கியே வுழுந்து செத்துட்டாரு. அன்னிக்கு அவரு வேலைக்கே வரலியாம், தோட்டத்துல யாருமே சாவலியாம். அப்டி எய்தி வச்சிகீறாங்க. அங்கதான் பூட்டாருன்னு ஒரு வரி கேட்டு வாரா வாரம் வந்துக்கினுகீறேன்."

"எந்தக் குழிம்மா?" தெரிந்தேதான் கேட்டேன்.

"அறுநூத்திப் பதிமூணு. அதுல செடியே நடலயே தம்பி. நடறதுக்குள்ள இவரு வுழுந்துட்டாரு. அப்புறம் அந்தக் குழியை யாரும் தொடல... நீ அங்க எதுனா பாத்தியா? கேட்டியா?"

உள்ளேயிருந்து ரேஞ்சர் கூப்பிட்டார். வாசலுக்குத் தெரியும்படி மேஜைமேல் என் சர்டிஃபிகேட்.

"இல்லம்மா. ஒண்ணும் இல்ல" என்றேன்.

உள்ளே போனேன். ரேஞ்சர் நோட்டை வாங்கிப் பிரித்து, "எல்லாம் சரின்னு ஒரு கையெழுத்துப் போடு" என்றார். பிரிந்தது அந்தப் பக்கம்.

613. உயிர். உயிர். உயிர்.

போட்டேன்.

சுவர்க் கடிகாரத்தில் 12.20.

என் முதுகுக்குப் பின்னால்...

களக்.

சர்டிஃபிகேட் இன்னும் என்னிடம் இருக்கிறது. 'பணி மிக நேர்மை' என்று போட்டிருக்கிறார்கள். வாங்கும்போதே அதன் ஒரு மூலை ஈரம். மூன்று கோடை போய்விட்டது. மொட்டை மாடி வெயிலிலும் வைத்துப் பார்த்துவிட்டேன்.

காயவே இல்லை.