எடை போதாது என்று நான் எழுதிய குறிப்பு

ஆயுத பூசை முடிந்து பன்னிரண்டாம் நாள், திங்கட்கிழமை காலை ஏழு பத்துக்கு, எங்கள் பள்ளி மைதானத்தின் புல்வெட்டும் டிராக்டர் கிளம்ப மறுத்தது. நேரம் ஸ்டோர் நோட்டில் இருக்கிறது. நான் அங்கே ஸ்டோர் கீப்பர். எதையும் நாளும் நேரமும் போட்டு எழுதி வைக்கிற பழக்கம் உத்தியோகத்துக்கு முன்பிருந்தே உண்டு.

வண்டியை ஓட்டுபவர் அரியாங்குப்பத்திலிருந்து சைக்கிளில் வருகிறவர். மில் மூடிய பிறகு இந்த வேலைக்கு வந்தவர். டெங்குவில் விழுந்து, கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் கிடந்து, அன்றுதான் திரும்பியிருந்தார். சட்டைக்குள் ஆளைத் தேட வேண்டியிருந்தது. சீட்டில் ஏறி, பிரேக்கை மிதித்து, சாவியைத் திருப்பினார். செல்ஃப் ஸ்டார்ட்டரின் சத்தமே இல்லை. முன்விளக்கு பளிச்சென்று எரிந்தது, பேட்டரியில் குறையில்லை.

அந்த வண்டியில் மூன்று பாதுகாப்பு சுவிட்சுகள். சீட்டில் ஆள் இருக்க வேண்டும், பிரேக் மிதிபட்டிருக்க வேண்டும், பிளேடை ஓட்டும் லிவர் கீழே இறங்கி, பிளேடு ஓடாத நிலையில் இருக்க வேண்டும். மூன்றும் சரியாக இருந்தால்தான் செல்ஃபுக்குக் கரண்ட் போகும். ஓடும்போது பிரேக் போடாமல் ஆள் சீட்டை விட்டு இறங்கினால் என்ஜின் தானே அணைந்துவிடும். கையேட்டைப் புரட்டினேன். ஆளின் எடை மிகக் குறைவாக இருந்தால் சீட் சுவிட்ச் அழுந்தாமல் போகலாம் என்று ஒரு வரி. படித்துவிட்டு நிமிர்ந்தால் எதிரே அவர். ஸ்டோர் தராசில் ஏறச் சொன்னேன். நாற்பத்தாறு கிலோ.

"உன்ன ஆளாவே மதிக்கலய்யா வண்டி" என்றார் கேட் வாட்ச்மேன். "மடியில ரெண்டு செங்கல் வச்சிக்கோ."

"நீயுமா? வீட்லயும் இதே பேச்சுதான்" என்றார் அவர்.

வேறு ஒருவரை உட்காரவைத்துப் பார்த்திருக்கலாம். அது எனக்குத் தோன்றவேயில்லை. கிடைத்த காரணம் அவ்வளவு பொருத்தமாக இருந்தது. அலுவலகப் பொறுப்பாளர் காரணத்தை எழுத்தில் கேட்டார்; எங்கள் பள்ளியில் எல்லாரும் அவரைப் பிரெஞ்சு வழக்கப்படி முசே, அதாவது ஐயா, என்றுதான் கூப்பிடுவோம். ஓட்டுநரின் எடை போதாததால் வண்டி இயங்கவில்லை என்று நான்கு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

முசே படித்தார். "அப்ப வாட்ச்மேன் ஓட்டட்டும், வியாழக்கிழமையிலேர்ந்து. இவர கேட்டுல போட்டுடுங்க."

கேட் வேலை ஒப்பந்த வேலை. எந்த மாதமும் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். ஓட்டுநரிடம் நான்தான் போய்ச் சொன்னேன்.

"நீங்கதான் எழுதுனீங்களா சார்?"

"ஆமா."

"சரி" என்றார்.

அந்த ஒரு வார்த்தை இரண்டு நாள் என்னை உறுத்தியது. புதன்கிழமை காலை முத்தியால்பேட்டையிலிருந்து ஆட்டோ எலக்ட்ரீசியன் ஒருவரை வரவழைத்தேன். நாற்பத்தாறு கிலோவுக்கு அழுந்தும்படி சீட் சுவிட்சின் ஸ்பிரிங்கைத் தளர்த்த முடியுமா என்று கேட்டேன்.

"ஸ்பிரிங்கெல்லாம் எதுக்கு சார்? மூணு சுவிட்சையும் ஒயரால தாண்டி டைரக்ட் பண்ணி உட்டுடறேன். அஞ்சு நிமிஷம்."

"வேணாம்பா" என்றார் ஓட்டுநர். "புள்ளைங்க ஓடற கிரவுண்டு. நான் உழுந்தா வண்டி நிக்கணும்."

"வேலையே போவுதுன்றாங்க. வண்டி நிக்கணும்றியே மாமா?"

"போனா போவட்டும்."

எலக்ட்ரீசியன் என்னைப் பார்த்தார். ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்க்கலாம் என்றேன். சீட்டுக்கடியில் இருந்த சாக்கெட்டைக் கழற்றி, அதன் இரண்டு முனைகளையும் சின்ன ஒயரால் இணைத்தார். "இப்ப சீட்ல யானை உட்கார்ந்தாலும் பூனை உட்கார்ந்தாலும் இதுக்கு ஒண்ணுதான். திருப்பு மாமா."

திருப்பினார். சத்தமில்லை. மூன்று நாளில் வந்த முதல் நல்ல செய்தி அந்த நிசப்தம்தான்.

"அப்ப என் ஒடம்பு இல்ல?"

"உன் ஒடம்பு இல்ல."

சீட் சாக்கெட்டைப் பழையபடி மாட்டிவிட்டு ஒயரைப் பிரேக் சுவிட்சுக்குக் கொண்டுபோனார். அதிலும் ஒன்றுமில்லை. லிவர் சுவிட்சில் வைத்ததும் செல்ஃப் உறுமியது. சாவியை அணைக்கச் சொல்லிவிட்டு, போன் வெளிச்சத்தில் லிவரின் அடியில் குனிந்து பார்த்தார்.

"சார், இது என்னா நாரு?"

எனக்கு உடனே புரிந்துவிட்டது. பூசையன்று ஓட்டுநர் ஆஸ்பத்திரியில் இருந்தார். வண்டியைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டது நான். ஸ்டீயரிங்கில் போட்டால் சரிகிறது என்று, லிவரின் அடியில் மாலையின் வாழை நாரை மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டேன். நார் மேலேயும் தாராளமாகச் சந்தனம் அப்பினேன். மறுநாள் விஜயதசமிக்கு ஒரு தடவை வண்டியைக் கிளப்பிவிடுவது வழக்கம். மழை பெய்ததால் அதையும் விட்டுவிட்டேன். பிறகு வாடிய பூவை மட்டும் உருவி வேப்பமரத்தடியில் போட்டேன். நாரும் சந்தனமும் சேர்ந்து காய்ந்து கல்லாகிவிட்டன. பார்வைக்கு லிவர் முழுவதும் இறங்கியிருந்தது. ஆனால் சுவிட்சின் பொத்தானைத் தொட இன்னும் ஒரு நூலளவு மிச்சம்.

எலக்ட்ரீசியனிடம் கத்தி வாங்கி நாரை நானே அறுத்தேன். சந்தனத்தை ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டி எடுத்தோம். லிவர் டக்கென்று இறங்கியது. ஒயரை எடுத்துவிட்டு எல்லா சாக்கெட்டையும் மாட்டியபின், ஓட்டுநர் தன் நாற்பத்தாறு கிலோவோடு ஏறி உட்கார்ந்தார். முதல் திருப்பிலேயே என்ஜின் பிடித்துக்கொண்டது.

ஸ்டோர் நோட்டில் நேரம் போட்டு எழுதிவிட்டு நேராக அலுவலகத்துக்கு நடந்தேன்.

"முசே, அந்தக் குறிப்பு தப்பு. அவர் எடைக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. நான் கட்டின மாலைதான் காரணம்."

முசே மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "வண்டி?"

"ஓடுது."

ஃபைலிலிருந்து தாளை உருவி என்னிடம் நீட்டினார். "அப்ப அவரே ஓட்டட்டும். உங்க நோட்டுல இதையும் எழுதுவீங்கல்ல?"

"எழுதிட்டேன், முசே."

மூன்று நாளாக நெஞ்சில் இருந்த பாரம் படியிறங்கும்போது காணவில்லை. மைதானத்தின் ஒரு மூலையில் பாதி வரை புல் வெட்டப்பட்டிருந்தது. ஓட்டுநர் வண்டியை நிறுத்தி, பிளேடு லிவரை இறக்கி, பிரேக்கைப் போடாமல் வேண்டுமென்றே இறங்கினார். என்ஜின் அணைந்தது. ஏறிக் கிளப்பினார். மறுபடி இறங்கினார். மறுபடி அணைந்தது.

"என்ன செய்றீங்க?" என்றேன்.

"எறங்கினா நிக்குதான்னு பாத்தேன் சார். நிக்குது."

கேட்டிலிருந்து வாட்ச்மேன் குரல் கொடுத்தார். "நாளைக்கு ஓட்டணும்னு ஷூவெல்லாம் தொடச்சி வச்சிருந்தேன்யா."

"போட்டுக்கினு கேட்டுலயே நில்லு" என்று சொல்லிவிட்டு ஓட்டுநர் மறுபடி ஏறி உட்கார்ந்தார்.